மாட்டுக்கு வாசல் தேடி வரும் ஊசி நாய்க்கும் வரட்டும்

காவிரிப் படுகையில் நாயும் பூனையும் வளர்க்கும் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகங்கள், தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகள், ஊராட்சி மன்றங்கள், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி போட எங்கள் ஊர்களுக்குக் குழு வருகிறது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறார்கள். கொட்டிலில் நிற்கும் மாட்டின் காது வில்லை எண்ணைக் குறித்துக்கொண்டு ஊசி போடுகிறார்கள். 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இதற்கு மாட்டுக்காரர் காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இது நல்ல திட்டம். அந்த உழைப்புக்கு நாங்கள் நன்றி சொல்கிறோம். ஆனால் அதே கொட்டில் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு அந்தப் பெட்டியில் ஊசி கிடையாது, ஏனென்றால் அந்தத் திட்டத்தில் வெறிநோய் சேர்க்கப்படவில்லை.

டெல்டாவில் வீட்டு நாய் என்றால் பெரும்பாலும் மெத்தையில் தூங்கும் நாய் அல்ல. பகலில் வரப்பில் எலி தோண்டும், வாய்க்காலில் இறங்கும், களத்துமேட்டில் காவல் கிடக்கும், சாயங்காலம் பிள்ளைகளோடு திண்ணையில் உட்காரும். சங்கிலி கண்டறியாத அந்த நாட்டு நாயைப் பேருந்தில் ஏற்ற முடியாது. ஆட்டோ வைத்து நகரத்துக்குக் கொண்டுபோனால் ஒரு நாள் கூலியும் போய், அதற்கு மேலும் செலவாகும். அதனால்தான் ஊசி தவறுகிறது. அக்கறை இல்லாமல் அல்ல.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கையும் முதன்மையான கோரிக்கையும் இதுதான்: கோமாரிக் குழு ஊருக்கு வரும் நாளிலேயே, அதே ஐஸ் பெட்டியில், நாய்க்கும் பூனைக்குமான வெறிநோய்த் தடுப்பூசியையும் எடுத்து வர வேண்டும். புதிய அலுவலகமோ புதிய வண்டியோ நாங்கள் கேட்கவில்லை. ஊசி மருந்தும், நாயைப் பிடித்துப் பழகிய ஒருவரும் கூடுதலாகச் சேர்ந்தால் போதும். வீட்டுக்காரர் கையில் அடங்கும் நாய்களை நாங்களே பிடித்துக் கொடுக்கிறோம்.

இதில் ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்கலாம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதருக்கு வருவதில் ஏறக்குறைய எல்லாமே நாய்க்கடியால்தான். கடிபடுவோரில் கணிசமானோர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. கடிபட்ட மனிதருக்குத் தமிழ்நாடு செய்வது குறைவல்ல: குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி வைத்திருக்கிறார்கள். கடிக்கும் பிராணிக்கு முன்கூட்டியே ஊசி போடுவதில்தான் நாம் பின்தங்கி நிற்கிறோம்.

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் நாயிலிருந்து நாய்க்குத் தொடர முடியாமல் அறுந்துபோகும். தவறாமல் எல்லா நாய்க்கும் போட வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு தடவை 70-ஐத் தொட்டுவிட்டு நிறுத்தினால் பயனில்லை. நம்மூர் நாய்களின் ஆயுள் குறைவு. ஒவ்வொரு ஈற்றிலும் ஊசி காணாத குட்டிகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஓராண்டு விட்டால் கணக்கு சரிந்துவிடும். "போன வருஷம்தான் போட்டாச்சே" என்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுதான். கோவா இதை விடாமல் செய்தது. 2018 முதல் அங்கே மனிதரிடம் வெறிநோய் காணப்படவில்லை என்று அறிவித்து, 2021-ல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலம் என்று பெயர் வாங்கியது. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பதாக ஒன்றிய அரசின் செயல்திட்டம் சொல்கிறது. தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் இட்ட உத்தரவிலும் கருத்தடையோடு தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. வீட்டு நாய்க்கு மட்டும் ஏன் இதை அவரவர் பாடு என்று விட வேண்டும்?

வருடா வருடம் எல்லா ஊசியும் வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. நாங்களும் கேட்கிறோம். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, குட்டிப் பருவத்து ஊசிகளும் அடுத்த பூஸ்டரும் ஒழுங்காக முடிந்த நாய்க்கு பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் போடத் தேவையில்லை. வெறிநோய், எலிக் காய்ச்சல் ஊசிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இந்த வேறுபாட்டை வீட்டுக்காரருக்கு மருத்துவர் சொல்ல வேண்டும். தேவையற்றதைக் குத்திக் காசு வாங்குவதும், தேவையானதைச் சொல்லாமல் விடுவதும் ஒரே தவறுதான்.

குட்டிகள் விஷயத்தில் அவசரம் கெடுக்கிறது. 45 நாளில் ஒரு ஊசி, 21 நாள் கழித்து ஒன்று, அத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்களின் குட்டிகள் நான்காம் மாதத்தில் பார்வோ இரத்தக் கழிச்சலில் போவதைப் பலரும் பார்த்திருக்கிறோம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது வேலை செய்ய விடாது. சில குட்டிகளுக்கு அது மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கும். கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் இதைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், அடுத்த தேதி எழுதிய அட்டையும் கையில் தர வேண்டும்.

அடுத்த கோரிக்கை எங்கள் மண்ணுக்கே உரியது. எலி இல்லாமல் டெல்டாவில் நெல் இல்லை. எலிக் கிட்டி வைக்காத வயலும் குறைவு. எலியின் சிறுநீரில் வரும், எலிக் காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி தேங்கிய நீரிலும் ஈரச் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய்க்கு அது ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும். நோய்பட்ட நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் வரலாம். நடவிலும் களையெடுப்பிலும் வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்கள் எங்கள் பெண்கள். நாய்க்குப் போடும் எலிக் காய்ச்சல் ஊசியின் காப்பு ஏறக்குறைய ஓராண்டுதான். ஆகவே நாள் பார்த்துப் போட வேண்டும். சித்திரையில் போட்டுவிட்டால் வடகிழக்குப் பருவமழை வரும்போது பாதிக் காலம் கழிந்திருக்கும். ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன், சம்பா நடவு நெருக்கத்துக்கு இடம் கொடுத்து முகாம் நடத்துங்கள். உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-ம் அந்தப் புரட்டாசியிலேயே வருகிறது. முதல் முறை போடும் நாய்க்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும் என்பதால் ஒரு முகாமோடு நின்றுவிடக் கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் சேர்ந்த கூட்டு ஊசி வேண்டாத நாய்க்கு இந்த ஊசி தனியாகக் கிடைக்கவும் வழி செய்யுங்கள்.

புழுவைப் பற்றிச் சுருக்கமாக. நாய்க் குட்டிகள் தாயின் வயிற்றிலேயே உருளைப்புழுவை வாங்கிக்கொண்டு பிறக்கின்றன. அதனால் இரண்டாம் வாரத்திலேயே மருந்து தொடங்க வேண்டும், வளர்ந்த பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அந்தப் புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, விளையாடும் பிள்ளையின் வாய்க்குப் போனால் கண்ணைக்கூடக் கெடுக்கும். கொக்கிப்புழுக் குஞ்சு வெறுங்கால் வழியாகத் தோலுக்குள் நுழையும். ஆட்டுக் கடையில் எறியும் ஈரலையும் நுரையீரலையும் தின்னும் நாயிடம் வளரும் ஒரு நாடாப்புழு, மனித ஈரலில் நீர்க்கட்டியாக வந்து சேரும். எனவே குடற்புழு மாத்திரையை எல்லா மருந்தகங்களிலும் இலவசமாக வைக்க வேண்டும், பிராசிகுவான்டெல் உட்பட. இறைச்சிக் கழிவை நாய் எட்டாதபடி புதைப்பது உள்ளாட்சியின் பொறுப்பு.

உண்ணிக்கு மருந்து கிடைக்காத இடத்தில் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் ஊற்றுகிறார்கள். மாட்டுக்கான ஐவர்மெக்டினைக் குத்துமதிப்பாகக் குத்துகிறார்கள். நாய்க்கான பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். உரக்கடை, மருந்துக்கடை வாசல்களில் இதை எச்சரிக்கையாக எழுதி வைக்கும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். சரியான உண்ணி மருந்து கிராம மருந்தகத்திலேயே இருந்தால் யாரும் பூச்சிமருந்தைத் தேடிப் போக மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபின் எங்கள் ஊர்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலோர ஒன்றியங்களின் மருந்தகக் குளிர்பெட்டிகளுக்குச் சூரிய மின்சாரமோ ஜெனரேட்டரோ மழைக்காலத்துக்கு முன் வேண்டும். சூடேறிய மருந்தைக் குத்தினால் நாய்க்குக் காப்பு இல்லை. ஆனால் இருக்கிறது என்று வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருப்பார்.

எங்கள் தரப்பில் உறுதி கூறுகிறோம்: குட்டிகளை மூன்று மாதத்தில் முதல் வெறிநோய் ஊசிக்குக் கொண்டுவருவோம், அட்டையைப் பத்திரமாக வைப்போம், தெருவில் பொதுவாகச் சோறு போடும் நாய்களையும் முகாமுக்குப் பிடித்துத் தருவோம். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். ஒரத்தநாடு கல்லூரி மாணவர்களைப் பயிற்சியின் பகுதியாக முகாம்களுக்கு அனுப்பினால் அவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் எங்கள் வீடுகளில்.

அடுத்த கோமாரிச் சுற்று தொடங்குமுன் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். வரவில்லை என்றால் அக்டோபர் 2 கிராம சபைகளில் இதை ஊர் தோறும் தீர்மானமாக வைத்து, நகலை மாவட்ட ஆட்சியர்களிடம் நேரில் கொடுப்போம்.