கனடா படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கிறீங்களா? பணம் கட்டும் முன் இதைக் கேளுங்க!

திருச்சி: "பையனை கனடாவுக்கு அனுப்புங்க. படிக்கிறப்பவே சம்பாதிப்பான், அப்புறம் அங்கேயே செட்டில்!" - டீக்கடையில் இருந்து தெருமுனை ஏஜெண்ட் ஆபீஸ் வரை இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. இதை நம்பி ஆட்டோ ஓட்டுபவரும், பெட்டிக்கடைக்காரரும் கூட வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கிறார்கள்.

ஆனால், 2024-க்குப் பிறகு அங்கே நிலைமை மாறிப்போச்சு.

மூணு படி

கனடாவில் தங்க மூன்று படி ஏற வேண்டும். முதலில் படிப்பு விசா. அடுத்து, படிப்பு முடிந்ததும் வேலை பர்மிட். கடைசியாக பி.ஆர். எனப்படும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. முதல் படி ஏறியவருக்கு அடுத்த படி நிச்சயம் என்று யாரும் எழுதித் தரவில்லை.

முதல் படியே இப்போ செங்குத்து. செலவுக்கு கையில் காட்ட வேண்டிய பணம் 2023 வரை 10 ஆயிரம் டாலர். 2025 செப்டம்பரில் இருந்து 22 ஆயிரத்து 895 டாலர். நம்ம பணத்துக்கு சுமார் 14 லட்சம். கல்லூரி கட்டணம், விமான டிக்கெட் தனி!

படிக்கும்போது, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 24 மணி நேரம்தான் வெளியே வேலை பார்க்கலாம். அதில் பீஸ் கட்டுவது நடக்காத காரியம்.

சிக்கல் எங்கே?

பலர் வழுக்கி விழுவது 2-வது படியில்தான். அரசுக் கல்லூரியின் பாடத்தை தனியார் கல்லூரி நடத்தும் கூட்டு ஏற்பாட்டில் 2024 மே 15-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு வேலை பர்மிட் கிடையாது.

2024 நவம்பர் 1 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு. டிப்ளமோ படித்தால், அந்தப் பாடம் கனடா அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். நர்சிங், தச்சு, பிளம்பிங் போன்றவை பட்டியலில் உண்டு. ஏஜெண்டுகள் சுலபமாக சீட் வாங்கித் தரும் பொதுவான பிசினஸ் மேனேஜ்மெண்ட் டிப்ளமோ இல்லை. பல்கலைக்கழக டிகிரிக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது.

பர்மிட் கிடைத்தாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதிகபட்சம் 3 வருஷம். அதற்குள் திறமை சார்ந்த வேலையில் ஒரு வருஷ அனுபவம் காட்டினால்தான் பெரும்பாலானோர் நம்பியிருக்கும் பி.ஆர். வரிசையில் நிற்க முடியும். சூப்பர் மார்க்கெட் கேஷியர், சாப்பாடு டெலிவரி வேலை இந்தக் கணக்கில் சேராது. 2025-க்கு 5 லட்சம் பேருக்கு பி.ஆர். என்று சொல்லியிருந்த கனடா, 2024 அக்டோபரில் அதை 3 லட்சத்து 95 ஆயிரமாக வெட்டியது.

கடன் காத்திருக்காது

கல்விக் கடனுக்கு பொதுவாக படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். பர்மிட் இல்லாமல் பையன் ஊர் திரும்பினால், டாலரில் போட்ட கணக்கை இங்கே வாங்கும் சம்பளத்தில் அடைக்கணும். முடியாவிட்டால் வீடு போய்விடும்.

கல்லூரி அனுமதிக் கடிதமே போலி என்று தெரிந்து, 2023-ல் கனடாவில் இந்திய மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்த கதையும் உண்டு.

ஆகவே ஏஜெண்டிடம் "விசா கிடைக்குமா?" என்று மட்டும் கேட்காதீங்க. "இந்தக் காலேஜ், இந்தப் படிப்புக்கு அப்புறம் வேலை பர்மிட் உண்டா?" என்று கேளுங்க. அவர் வாய்ப்பேச்சோடு விடாமல், கனடா அரசின் இணையதளத்தில் காலேஜ் பெயர், பாடத்தின் பெயர் இரண்டையும் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. காசு செலவில்லாத வேலை அது.

விசா வந்ததும் தெருவுக்கே லட்டு கொடுக்கலாம். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த பதில் கையில் இருக்கணும்.