இரண்டு வேலையை ஒரே மோட்டாரிடம் கொடுக்கலாமா?



போன ஞாயிறு ஒரு காதுகுத்து விழாவில் என் அக்கா பேரன் என்னைப் பிடித்துக்கொண்டான். விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். "தாத்தா, சின்ன விமானத்தில் இன்ஜினைக் கிளப்ப ஸ்டார்ட்டர், மின்சாரம் எடுக்க ஆல்டர்னேட்டர்னு இரண்டு எதுக்கு? உங்க புது ஸ்கூட்டர்ல ஒண்ணே இரண்டையும் செய்யுதே. இதைத்தான் புராஜெக்டா பண்ணப்போறேன்" என்றான். பந்தி அவசரத்தில், "அதெல்லாம் சரிப்படாது, போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் வாடிப்போனது. முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவன் சொல்லும் பதிலா அது? ஒரு வாரம் படித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் நான் செய்து காட்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இரண்டு பொம்மை மோட்டார்களை ஒயரால் இணைத்து, ஒன்றைக் கையால் சுற்றினால் மற்றொன்று தானாகச் சுற்றும். மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே கருவிதான். ஆக, பையன் கேட்டதில் தப்பே இல்லை. 1912-ஆம் ஆண்டு கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் அப்படித்தான் செய்தார். ஒரே இயந்திரம் 24 வோல்ட்டில் இன்ஜினைக் கிளப்பும், பிறகு 6 வோல்ட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். (அவரும் இளமையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்கு ஒரு பெருமை.) பிறகு வந்த கார்களில் இரண்டையும் பிரித்துவிட்டார்கள்.

சிக்கல் சுற்றும் வேகத்தில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றி, பெரும் முறுக்குவிசை தர வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு அவ்வளவு விசை வேண்டாம், வேகமாகச் சுற்ற வேண்டும். என் ஸ்கூட்டர் இன்ஜின் 110 சி.சி. செஸ்னா 172 விமானத்தின் லைகமிங் இன்ஜின் ஏறத்தாழ 5,900 சி.சி., நான்கே சிலிண்டர். ஒரு சிலிண்டரில் அடைபடும் காற்றை நசுக்கித் தள்ளவே ஸ்டார்ட்டருக்கு மூச்சு வாங்கும். டர்பைன் இன்ஜினில் இந்தத் தொல்லை இல்லை. அதில் அப்படி நசுக்க வேண்டிய சிலிண்டர் கிடையாது. அதனால்தான் செஸ்னா கேரவன் போன்ற டர்பைன் விமானங்களில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாகவே இருக்கின்றன.

இதைப் படித்ததும் "பையன்தான் சரி, நான்தான் பழைய பஞ்சாங்கம்" என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கேரவனிலும் துணைக்குத் தனியாக ஓர் ஆல்டர்னேட்டர் வைக்கிறார்கள்!

என் கருத்து இதுதான். ஸ்டார்ட்டர் கெட்டால் விமானம் தரையிலேயே நிற்கும். எரிச்சல்தான், ஆபத்து இல்லை. ஆல்டர்னேட்டர் கெடுவது வானத்தில். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுத்து, சூடேறி, அடிவாங்கும் கருவி. இரண்டையும் ஒன்றாக்கினால் தரையில் வாங்கிய அடியோடுதான் அது மேலே போகிறது. பழைய இன்ஜின்களில் தீப்பொறிக்கு மேக்னெட்டோ இருப்பதால் மின்சாரம் போனாலும் இன்ஜின் ஓடும், ரேடியோவும் விளக்கும்தான் பேட்டரியை நம்பி நிற்கும். எரிபொருளையே கம்ப்யூட்டர் தெளிக்கும் புது இன்ஜின்களில் மின்சாரம் போனால் இன்ஜினே நின்றுவிடும். அதனால்தான் ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் இன்ஜினுக்குள் இரண்டு ஜெனரேட்டர்கள். ஒன்று போனால் இன்ஜினை மற்றது தாங்கும்.

இதெல்லாம் எதை மிச்சப்படுத்த? இப்போது வரும் இலகுவான ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்தே எட்டு, ஒன்பது கிலோதான். ஒன்றாக்கினால் அதில் பாதி குறையலாம். நாலு கிலோ அரிசிப் பைக்காக மூன்று பேர் உயிரைப் பணயம் வைப்பதா?

நேற்று பையனிடம் போனில் பேசினேன். புராஜெக்டை விட வேண்டாம், செய்யட்டும். ஆனால் வேக்குவம் பம்ப் இல்லாத விமானங்களில் அது பொருந்தும் இடம் காலியாக இருக்கும், அங்கே துணைக்கு ஒரு சின்ன ஆல்டர்னேட்டர் வைத்து எடையைக் கணக்கிட்டுப் பார் என்றேன். "அப்ப எடை மிச்சமே ஆகாதே தாத்தா" என்றான். கணக்குப் போட்டுக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

விமானப் பராமரிப்பில் இருக்கும் என் மாணவர்கள் இதில் பிழை இருந்தால் தயங்காமல் கமெண்டில் திருத்துங்கள். அவனும் படிப்பான்.