அப்பத்தா வெளுத்துப்போன கதையும் எச்.டி.ஆரும்

போன பொங்கலுக்கு மல்லாங்கிணறு போயிருந்தேன். உச்சிவெயில். வாசலுக்கு எதிரே களத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நடையில் உட்கார்ந்து அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். கூட வந்த கல்லூரி நண்பன் செல்போனை எடுத்துச் சட்டென்று ஒரு படம் எடுத்து அவளிடமே காட்டினான்.

அப்பத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏய்யா, இது யாரு?"

"நீதான் அப்பத்தா."

"நான் எப்பய்யா இம்புட்டு வெள்ளையா இருந்தேன்? சீக்காளி மாதிரில்ல இருக்கு." அவ்வளவுதான், மறுபடி உரலுக்குத் திரும்பிவிட்டாள்.

நண்பன் விடவில்லை. "எச்.டி.ஆர் மச்சி. எல்லாமே தெரியுது பாரு" என்றான். வாஸ்தவம்தான். களம் தெரிந்தது, நடை தெரிந்தது, மூலையில் கிடந்த சாக்கு தெரிந்தது. அப்பத்தாவைத்தான் காணோம்.

இந்த 'எல்லாமே தெரியுது' என்கிற பெருமையோடுதான் இன்றைக்கு என் சண்டை.

முதலில், எச்.டி.ஆர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. உச்சிவெயிலில் களத்தில் விழும் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். விளக்குப் போடாத நடைக்குள் 100 லக்ஸ் இருந்தாலே பெரிசு. ஆக 1000 மடங்கு வித்தியாசம். வெளிச்சம் ஒருமுறை இரட்டித்தால் அது ஒரு ஸ்டாப். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024, எனவே இது கிட்டத்தட்ட 10 ஸ்டாப். அதற்கு மேல், வெளியே காயும் வெள்ளை வேட்டிக்கும் உள்ளே கரி படிந்த சுவருக்குமான வித்தியாசம் தனி. ஒரே க்ளிக்கில் இத்தனையும் சரியாக விழாது. களத்துக்கு அளந்து எடுத்தால் அப்பத்தா கரிக்கட்டை. அப்பத்தாவுக்கு அளந்து எடுத்தால் களம் வெறும் வெள்ளைக் காகிதம்.

அதனால் ஒரே காட்சியைக் குறைவாக, நடுத்தரமாக, அதிகமாக என்று மூன்று வெளிச்ச அளவில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறோம். 'ஹை டைனமிக் ரேஞ்ச்' இவ்வளவுதான்.

"அது மோசடி, ஒரே க்ளிக்கில் எடுப்பவன்தான் போட்டோகிராபர்" என்று சொல்கிற ஒரு கோஷ்டி உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை ஐயா. 1857-லேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். அமெரிக்காவில் சார்லஸ் வைக்காஃப் அணுகுண்டு வெடிப்பைப் படமெடுப்பதற்காகவே, வெவ்வேறு உணர்திறன் கொண்ட மூன்று அடுக்குகளை வைத்து ஒரு ஃபிலிம் தயாரித்தார். பல எக்ஸ்போஷர்களைக் கணக்குப் போட்டு இணைக்கும் வழியை பால் டெபெவெக்கும் நம் நாட்டில் பிறந்த ஜிதேந்திர மாலிக்கும் 1997-ல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். இதெல்லாம் மோசடி என்றால் கண்ணாடி போடுவதும் மோசடிதான் :-)

குற்றம் நடப்பது இரண்டாவது கட்டத்தில். சேர்த்த படத்தில் இருக்கும் வெளிச்ச வித்தியாசம் முழுவதையும் நம் திரையில் காட்ட முடியாது. ஆகவே அமுக்கிச் சுருக்க வேண்டும். 'டோன் மேப்பிங்' என்பது அதுதான். எங்கே அமுக்குவது, எவ்வளவு அமுக்குவது என்று மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். உடனே பனைமரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை ஒளிவட்டம். சொட்டு மழை இல்லாத விருதுநகர் வானத்தில் புயல்மேகம். கரிசல் மண்ணோ சாம்பல் நிறத்தில். கி.ரா. வாழ்நாள் முழுக்க எழுதிய கரிசலை ஒரே இழுப்பில் சாம்பலாக்குகிற சாமர்த்தியம் நமக்குத்தான் உண்டு.

நான் மட்டும் யோக்கியனா? இல்லை. கேமரா இரவல் கிடைத்த முதல் வாரம் கண்மாய்க்கரையில் சாயங்காலம் ஐந்து எக்ஸ்போஷர் எடுத்து, இருக்கிற ஸ்லைடரையெல்லாம் ஏற்றி, பெருமையாகச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் சிவகாசி அச்சகத்தில் வேலை பார்ப்பவர். "சாமி காலண்டர் மாதிரி இருக்குடா" என்றார். பாராட்டு என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகுதான் உறைத்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, நாடு முழுக்கச் சுவரில் தொங்கிய அந்த சாமி படங்களை நினைத்துப் பாருங்கள். முருகன் முகத்தில் பாதி இருட்டாக இருக்காது. அங்கே அது சரி. மகாபாரதத்தில் தமயந்தி சுயம்வரத்துக்கு நான்கு தேவர்கள் நளன் உருவத்திலேயே வந்து உட்கார்ந்தபோது, உண்மையான நளனை அவள் கண்டுபிடித்த அடையாளங்களில் ஒன்று நிழல். தேவர்களுக்கு நிழல் விழாது, மனிதனுக்கு விழும். அப்பத்தாவிடமிருந்து நிழலைப் பிடுங்கினால் அவள் தேவதை ஆகிவிட மாட்டாள். 'சீக்காளி'தான் ஆவாள், அவளே சொன்ன மாதிரி.

நிறத்தின் கதை இன்னும் மோசம். கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்று கூகுள் 'ரியல் டோன்' என்ற ஒன்றை அறிவித்தது 2021-ல். இத்தனை வருடம் என்ன நடந்தது என்பதற்கு இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? நம் ஊர் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாவில் புரட்டிய மாதிரி இருப்பார்கள். அந்த வேலையை இப்போது செல்போன் கேட்காமலே செய்கிறது. கறுப்பை 'இருட்டு' என்று கணக்குப் போட்டுத் தூக்கிவிடுகிறது. கறுப்பு என்ன குறையா, சரிசெய்ய?

"ஒரு போட்டோவுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பீர்கள். 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானம் முழுக்க ஆரஞ்சாகிப்போனது. ஜனங்கள் செல்போனில் எடுத்தால் சாதாரண மேகமூட்டம் போல வந்தது. வானம் இப்படி இருக்காது என்று போனே முடிவுகட்டி, நிறத்தைத் 'திருத்தி'விட்டது. கண்ணால் கண்டதற்குச் சாட்சி இல்லாமல் போவது சின்ன விஷயமா?

இருட்டு தேவையில்லை என்பவர்கள் தீபாவளி ராத்திரி எங்கள் மாவட்டத்துக்கு வாருங்கள். வாணம் விரியும்போது மூன்று எக்ஸ்போஷர் எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் மூன்று வேறு வாணம் இருக்கும், சேர்க்கவே முடியாது. ஸ்டாண்டில் கேமராவை வைத்து, ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8 அல்லது 11, இரண்டு மூன்று விநாடி திறந்து வைத்தால் போதும். வானத்தைக் கறுப்பாகவே விட்டுவிட வேண்டும். வெளிச்சத்தை ஏற்றினால் வானம் சாம்பலாகும், ஸ்ட்ரான்சியம் கொடுத்த சிவப்பு வெறும் வெள்ளையாகும். அந்தச் சிவப்புக்காகத்தான் ஊரே மருந்தில் கை வைத்து உழைக்கிறது. அது தெரிய வேண்டுமானால் பின்னால் இருட்டு இருந்தாக வேண்டும்.

மறுநாள் அதே நேரம் அப்பத்தாவை மறுபடி எடுத்தேன். ஸ்டாண்ட், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம், வொயிட் பேலன்ஸை மாறாமல் பூட்டிவைத்து. அவள் இடிப்பதை நிறுத்தவில்லை. சேர்த்தபோது கை மூன்றாகி அம்மன் மாதிரி வந்தது. கையை மட்டும் நடுப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். 'என்ஃப்யூஸ்' என்ற இலவச மென்பொருளில் இணைத்து, பிறகு நிழலைத் தூக்கும் ஸ்லைடரைப் பாதி தள்ளி, அதிலும் பாதியைத் திரும்ப இழுத்தேன். களம் கண் கூசுகிற மாதிரியே இருக்கிறது. வாசல் வெளிச்சம் அவள் ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிறது. மறு கன்னம் கறுப்பு, ஆனால் சுருக்கம் தெரிகிற கறுப்பு.

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அங்ஙன மூலையில சாக்கு கெடந்துச்சே, அதக் காணோமே?"

"அது இருட்டுல இருக்கு அப்பத்தா."

"ஆமா, இருட்டுலதான கெடக்கு" என்றாள்.

அந்த சாக்கை வெளிச்சம் போட்டுக் காட்டித்தான் தீருவேன் என்று அடம்பிடிக்கிற அத்தனை எச்.டி.ஆர் மன்னர்களுக்கும் இது சமர்ப்பணம்.

டிஸ்கி: முதல் படத்தை எடுத்த நண்பன் இன்னும் நண்பன்தான். போனில் அந்த 'ஆட்டோ'வை அணைத்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறான். நம்பவில்லை.