பேனாக்கத்தியின் பக்கம் நின்று

சட்டைப்பையில் அடங்கும் சிறு மடக்குக் கத்தியைத் தமிழில் பேனாக்கத்தி என்கிறோம். இறகுப் பேனாவைச் சீவுவதற்கு ஐரோப்பியர் வைத்திருந்த கத்தியின் பெயர் மொழிபெயர்ந்து இங்கே நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே நம் ஏடெழுதிகளிடம் மடக்கெழுத்தாணி இருந்தது: ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலை நறுக்கும் கத்தி. கத்தி எழுதுபவனின் கருவியாகவும் இருந்தது என்பதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. இன்று கத்தியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு தரப்பினர். ஒரு தரப்புக்கு அது ஆபரணம்; மறு தரப்புக்கு ஆயுதம். இரு தரப்பையும் நாங்கள் மறுக்கிறோம்.

முதலில் ஆபரணக்காரர்களைப் பார்ப்போம். டைட்டேனியப் பிடி, பால் பேரிங்கில் சுழலும் கீல், சாதாரணச் சாணைக்கல்லுக்கு எளிதில் இணங்காத உயர்ரக எஃகு என்று இவர்களின் பட்டியல் நீளும். கீறல் விழுந்துவிடுமே என்று அஞ்சி அக்கத்தியால் ஒரு மாங்காயைக்கூட நறுக்குவதில்லை. வாசிக்காத நூல்களைத் தோலட்டை கட்டி அடுக்கி வைப்பவருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?

இதற்கு எதிராக நாங்கள் முன்வைப்பது ஒப்பினெல். 1890இல் பிரான்சின் சவோய் மலைநாட்டில், உழவர்க்குக் கருவி வடித்துத்தந்த கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் ஒப்பினெல் செய்த கத்தி அது. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் வந்தது. திறந்த அலகு கைமேல் மடங்கிவிடாமல் காக்கும் பூட்டு வளையம் 1955இல் சேர்ந்தது. அலகு, பீச் மரப்பிடி, கழுத்துப்பட்டை, ஆணி, வளையம் என மொத்தம் ஐந்தே உறுப்புகள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு சிறுவன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். பிரான்சில் அதன் விலை ஒரு புதிய நாவலின் விலையைத் தாண்டாது.

குறைகள் இல்லையா? உண்டு. ஈரம் பட்டால் மரம் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். கார்பன் எஃகு எலுமிச்சை பட்டதும் கறுக்கும், துடைக்க மறந்தால் துருவேறும். ஆனால் இக்குறைகள் உடையவனிடம் கேட்பதெல்லாம் ஒரு துணித்துண்டும் சிறிது எண்ணெயும்தான். மழுங்கினால் எந்தச் சாணைக்கல்லிலும் பத்து நிமிடத்தில் கூராகிவிடும். தானே கூர்தீட்டத் தெரிந்த கத்தியே ஒருவனுக்குச் சொந்தமான கத்தி. மற்றது அவன் பணம் கொடுத்து வைத்திருக்கும் பொருள்.

இனி, ஆயுதம் என்று அஞ்சுவோருக்கு ஜப்பானின் கதையைச் சொல்ல வேண்டும். ஹியோகோ மாகாணத்து மிக்கி நகரில் 1890களில் உருவானது ஹிகோனோகாமி: மடித்த தகட்டுக்குள் ஓர் அலகு, கட்டைவிரலால் அழுத்தித் திறக்க ஒரு சிறு நெம்பு. பூட்டோ வில்லோ கிடையாது. தலைமுறை தலைமுறையாக ஜப்பானியப் பள்ளிப்பிள்ளைகள் அதனால்தான் பென்சில் சீவினார்கள். 1960 அக்டோபர் 12 அன்று, டோக்கியோவில் மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவைப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது குறுவாள். ஆயினும் பிள்ளைகளுக்குக் கத்தி தரக்கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பென்சில் சீவும் கருவிகளும் உடன் வந்தன. வாள் செய்த குற்றத்துக்குப் பென்சில் சீவிய கத்தி தண்டனை பெற்றது. இன்று மிக்கியில் அப்பெயரைப் பொறிக்கும் உரிமையுடன் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பட்டறை.

அச்சம் காப்பாற்றியது யாரை? கூரான பொருளைக் கையாளப் பழகாத கை பாதுகாப்பான கை ஆகிவிடாது. உடலிலிருந்து விலக்கிச் சீவுவது, பிறர் கையில் கொடுக்கும்போது பிடியை அவர் பக்கம் நீட்டுவது, வேலை முடிந்ததும் மடக்குவது ஆகியவை வெறும் செய்முறைகள் அல்ல, ஒழுக்கங்கள். கத்தியைப் பறித்தவர்கள் அந்த ஒழுக்கங்களைக் கற்கும் வாய்ப்பையும் சேர்த்தே பறித்தார்கள்.

சட்டத்தை மதிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிரிட்டனில், தக்க காரணம் காட்டாமல் எடுத்துச் செல்ல, மடக்குக் கத்தியின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, பூட்டும் இருக்கக்கூடாது. ஜப்பானில் பொதுவாக 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்லக்கூடாது. ஆகவே தேர்வு இப்படி அமையட்டும்: வீட்டுக்கும் தோட்டத்துக்கும் எட்டாம் எண் ஒப்பினெல், அலகு 8.5 செ.மீ.; பைக்கு ஐந்தாம் எண், அலகு 6 செ.மீ., பூட்டு வளையம் இல்லாதது. எதுவானாலும் வாழும் ஊரின் விதியை முதலில் அறிந்துகொள்க.

பிறகு பயன்படுத்துங்கள். பழம் நறுக்குங்கள், கட்டிய கயிற்றை வெட்டுங்கள், புத்தகப் பொதியைப் பிரியுங்கள், பென்சில் சீவுங்கள். அலகு கறுக்கட்டும், பிடி தேயட்டும். பத்தாண்டு கழித்துத் தேய்ந்த கத்தி ஒருவர் பையில் இருந்தால் அவரை நாங்கள் நம்புவோம். பளபளக்கும் கத்தியை வைத்திருப்பவரிடம் எங்களுக்குக் கேட்க ஒரே கேள்வி: இதனால் கடைசியாக எதை வெட்டினீர்கள்?