குடிபெயர்ந்தவர்கள் அல்ல, பெயர்க்கப்பட்டவர்கள்

2024 நாடாளுமன்றத் தேர்தலில் மத்திய சென்னையில் 54 சதவீத வாக்குகூடப் பதிவாகவில்லை. தருமபுரியில் 81 சதவீதத்தைத் தாண்டியது. உடனே ஆரம்பித்துவிட்டார்கள்: சென்னைக்காரனுக்குப் பொறுப்பில்லை, லீவு விட்டால் ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறான். சொகுசு அடுக்குமாடிகளுக்கு இது பொருந்தலாம். நம் மக்களும் சேர்ந்து ஏன் திட்டு வாங்க வேண்டும்?

வாக்கு சதவீதம் என்பது பட்டியலில் இருக்கும் பெயர்களை வைத்துப் போடும் கணக்கு. கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போய் விடப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். வீட்டை ஒரே நாளில் இடிக்கிறார்கள். பெயர் மட்டும் பழைய பூத்திலேயே கிடக்கிறது. இருபது கிலோமீட்டருக்கும் மேல் இரண்டு பஸ் மாறிப் போய் ஓட்டுப் போட வேண்டும். தேர்தல் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரச் சட்டம் சொல்கிறது. வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கு அதை யார் தருகிறார்கள்? அவர் போகாவிட்டால் பழைய தொகுதியின் கணக்கில் 'வாக்களிக்காதவர்'. பெயரையே நீக்கிவிட்டால் எந்தக் கணக்கிலும் இல்லை.

முகவரி மாற்றப் படிவம் 8 இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஒதுக்கீட்டு ஆணை பாட்டி பெயரில் இருக்கும். அதே வீட்டில் இருக்கும் மகனும் மருமகளும் எந்தச் சான்றைக் காட்டுவார்கள்? வாக்காளராக ஓரிடத்தில் வழக்கமாக வசித்தால் போதும். சொந்த வீடு தேவையில்லை. நடைபாதையில் தூங்குபவர்கூட முகவரிச் சான்று இல்லாமல் விண்ணப்பிக்கலாம். அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் விதி. இதைச் சொன்னால் கவுன்டரில் இருப்பவர் நம்மை விநோதமாகப் பார்க்கிறார்.

பட்டியலில் எழுதும் முறையே ஆளை வெளியே தள்ளும் என்பது முதல் தேர்தலிலேயே தெரிந்த விஷயம். 1951-52இல் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள்.

2025 டிசம்பரில் வெளியான தீவிரத் திருத்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சத்துக்கு மேல் 'குடிபெயர்ந்தவர்கள்', முகவரியில் இல்லாதவர்கள் என்ற வகை. இதில் எத்தனை பேர் அரசே பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய் விட்டவர்கள்? யாரை எந்தப் பிளாக்கில் எந்த வீட்டில் குடிவைத்தோம் என்ற பட்டியல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. சாவி கொடுக்கும் அன்றே அதே மேசையில் படிவம் 8ஐயும் வாங்க என்ன தடை? இதை நாம் கோரிக்கையாகவே வைக்க வேண்டும்.

அதுவரை வேலை நம் தலையில்தான். உங்கள் பகுதியின் பாகப் பட்டியலை இணையத்திலிருந்து இறக்கி, தெருத்தெருவாகப் பெயர் சரிபாருங்கள். 17 வயது முடிந்த தம்பி தங்கைகளிடம் படிவம் 6ஐ இப்போதே வாங்கிவிடலாம். ஒப்புகை எண்ணைக் கையோடு குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிறகு கேட்டால் விண்ணப்பமே வரவில்லை என்பார்கள்.