ஸ்பீக்கரும் ஏமாந்த என் காதும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "மூணு லட்சம் ஒதுக்கியிருக்கேன். எந்த ஸ்பீக்கர், எந்த ஆம்ப்ளிஃபயர்னு சொல்லுங்க"ன்னார். என்னைக் கேட்கக் காரணம் இருக்கு. இந்த விஷயத்தில் நான் அடி வாங்கின கதை புனேயில் இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியும் :-)

மூணு வருஷம் முன்னாடி, போனஸ் பணத்தோட ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். மெத்தை ஒட்டின சுவர், மங்கல் விளக்கு. ரெண்டு ஜோடி ஸ்பீக்கரை மாத்தி மாத்திப் போட்டார் கடைக்காரர். ரெண்டாவது பளிச்னு இருந்தது. அங்கேயே கார்டைத் தேய்ச்சுட்டேன்.

அப்பா அப்ப ஊர்லேர்ந்து வந்திருந்தார். வாங்கினதே அவருக்காகத்தான் (தங்கமணி இதை ஒத்துக்க மாட்டாங்க). மதுரை சோமு கச்சேரி போட்டேன். இருபது நிமிஷம் ஆகலை, "நல்லாத்தாம்பா இருக்கு. கொஞ்சம் நிறுத்தேன், தலை வலிக்குது"ன்னுட்டு ரூமுக்குள்ள போயிட்டார். உள்ளேயிருந்து அதே கச்சேரி அவரோட மொபைல்ல கேட்டுது. ரெண்டரை லட்ச ரூபாய் சாமான் ஹால்ல சும்மா நிக்குது.

நடந்தது இதுதான். ரெண்டாவது ஜோடி கொஞ்சம் சத்தமா ஒலிச்சிருக்கு. ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் தர்ற ஸ்பீக்கர் இருக்கு, 90 தர்றதும் இருக்கு. 90-க்கு ஈடா ஒலிக்க 87-க்கு ரெண்டு மடங்கு பவர் வேணும். வால்யூமைத் தொடாம மாத்திப் போட்டா, நம்ம காது 'இது சத்தம் ஜாஸ்தி'ன்னு சொல்லாது, 'இது தெளிவு'ன்னு சொல்லும். சத்தம் ஏறினா பேஸ் இன்னும் கூடுதலாத் தெரியும்னு ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வெச்சுட்டாங்க.

கண்ணும் கூட்டுக் களவாணி. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு பேர் ஒரே ஸ்பீக்கர்களைத் திரை போட்டு மறைச்சும், திரையை எடுத்துட்டும் கேட்க வெச்சு, 1994-ல் எழுதினாங்க. கண்ணால பார்த்ததும் மார்க் மாறிடுச்சு! நம்ம கடையிலயோ விலையைச் சொல்லிட்டுத்தான் பாட்டையே போடுவாங்க.

அதனால காதால தேர்ந்தெடுங்க, ஆனா முதல்ல சத்தத்தைச் சமப்படுத்துங்க. மொபைல்ல டெசிபல் ஆப் போதும். கடைக்காரரோட டெமோ பாட்டு வேண்டாம், தெரிஞ்ச குரலா எடுத்துட்டுப் போங்க. பிபிசி 1970-களில் ஒலிபரப்பு வண்டிக்காக எல்எஸ்3/5ஏ-ன்னு குட்டி ஸ்பீக்கர் செஞ்சப்ப, மனுஷக் குரல் மனுஷக் குரலாக் கேட்குதாங்கிறதுதான் அவங்களுக்கு முக்கியம்.

ஆம்ப்ளிஃபயருக்கு ரொம்ப அலட்டிக்காதீங்க. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காசை ஸ்பீக்கர்ல போடுங்க. ஆயிரக்கணக்குல விலை சொல்ற கேபிளா? அந்தக் காசுக்கு ஊருக்கு டிக்கெட் போடலாம்.

அப்புறம் நம்ம ஃப்ளாட். டைல்ஸ் தரை, கண்ணாடிக் கதவு, மொட்டைச் சுவர். கை தட்டிப் பாருங்க, கணீர்னு திரும்பி வரும். ஷோரூம்ல 'பளிச்', இங்க தலைவலி ஆனது இப்படித்தான். பவானி ஜமுக்காளம் ஒண்ணு விரிச்சு, பக்கத்துல புத்தக அலமாரியை நகர்த்தினதுலயே பாதி அடங்கிச்சு. பேஸ் மட்டும் அடங்கலை, அது ஜமுக்காளத்துக்கெல்லாம் மசியாது. ஸ்பீக்கரைச் சுவரை விட்டு ரெண்டடி தள்ளி வெச்சதும் குறைஞ்சுது.

பழசைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அடுத்த தடவை அப்பா வந்தப்ப, வேற கடையில் கெஞ்சி ரெண்டு ஜோடியை சனி, ஞாயிறு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். அம்மாவை போன்ல பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணலாம்னு பார்த்தா, போன் குரல் சரிவராதாம், பொண்ணு சொல்றா. அவளே தமிழ்ப் பாடத்தை வாசிச்சுப் பதிவு பண்ணினா. அப்பாவைச் சுவரைப் பார்த்து உட்கார வெச்சு, சத்தத்தைச் சமம் பண்ணி, மாத்தி மாத்திப் போட்டோம்.

"ரெண்டாவதுலதான் பாப்பா பேசறா. முதல்ல பேசினது ரேடியோக்காரி" என்றார். ரெண்டாவது, முதலை விட எழுபதாயிரம் கம்மி!

அன்னிக்கு சாயங்காலம் சோமு கச்சேரி முழுசா ஓடிச்சு. நடுவுல ஒரே தடவைதான் அப்பா வாயைத் திறந்தார், "இன்னும் கொஞ்சம் சத்தமா வைடா"ன்னு.