நகவெட்டியைக் கீழே வையுங்கள்!

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி உண்டு. பாவம், ஆமை. ஒரு தப்பும் செய்யாமல் கெட்ட பெயர் வாங்கியது. இப்போது காற்று மாறி அடிக்கிறது. நட்சத்திர ஆமை வீட்டில் இருந்தால் பணம் கொட்டுமாம். வாஸ்துவாம்! வேடிக்கை என்னவென்றால், இந்தப் புது மூடநம்பிக்கைதான் பழைய மூடநம்பிக்கையை நிஜமாக்கியிருக்கிறது. இன்றைய சட்டப்படி, ஆமை புகுந்த வீட்டுக்குள் பின்னாலேயே அமீனாவும் புகலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆமை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: 'நகம் நீளமாக வளர்ந்துவிட்டது, எப்படி சார் வெட்டுவது?'

கேள்வியே தப்பு. 'ஏன் வளர்ந்தது?' என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்?

ஜூஜுவாடியில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிறவருக்கு தேய்மானம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாட்டுக்கு ஏன் லாடம் அடிக்கிறோம்? தார் ரோட்டில் குளம்பு அளவுக்கு மீறித் தேய்கிறது என்பதால். ஆமை விஷயம் இதற்குத் தலைகீழ். கல்லிலும் முள்ளிலும் நடந்து, மண்ணைத் தோண்டித் தேய வேண்டிய நகம் அது. அதைக் கொண்டுவந்து வழவழ டைல்ஸ் தரையில் விட்டால் எதில் தேயும்? வளரத்தான் செய்யும். வளைந்து, நடையைக் கெடுக்கும். வழுக்கி வழுக்கி கால் அகன்றுபோகும். குற்றவாளி நகம் இல்லை, தரை.

தரை மட்டுமா? சாப்பாடும்தான். நட்சத்திர ஆமை புல்லும் இலையும் தின்கிற ஜீவன். நாம் சோறும் பிரெட்டும் கொடுக்கிறோம். வெயிலே படாத ஹாலில் வைக்கிறோம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் வைட்டமின் டி இல்லை. அது இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. எலும்பும் ஓடும் மெலியும். அலகும் நகமும் கோணலாக வளரும். நாய்க்கு ஒரு கஷ்டம் என்றால் குரைக்கும், கதவைப் பிறாண்டும். ஆமைக்குச் சத்தம் போட்டுச் சொல்லத் தெரியாது. அதன் புகார் மனு நகத்தில்தான் இருக்கிறது. நாமோ மனுவைப் படிக்காமல் கிழித்துப் போடுகிறோம்.

நகவெட்டியால் வெட்டினால் என்ன ஆகும்? நகத்துக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெளுத்த நகத்தில் வெளிச்சம் காட்டிப் பார்த்தால் தெரியும். கறுத்த நகத்தில் தெரியாது. கொஞ்சம் தவறினாலும் ரத்தம், வலி, சீழ். நுனியை மட்டும் அரத்தால் மெதுவாக ராவுவதுகூட கால்நடை மருத்துவர் கையில் நடக்க வேண்டிய வேலை.

இன்னொரு கூத்து. தொட்டியில் வளர்க்க விற்கிறார்களே, காதோரம் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமை, அது அமெரிக்காவின் மிசிசிப்பி நதிப் பக்கத்துப் பிறவி. அதில் ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளமாக இருப்பதே இயற்கை. பெண்ணின் முகத்துக்கு நேரே அந்த நகங்களைப் படபடவென்று ஆட்டித்தான் அது காதல் சொல்லும். நம் ஆட்கள் 'நகம் வளர்ந்துடுச்சு' என்று அதையும் நறுக்கிவிடுகிறார்கள்!

இப்போது அமீனாவுக்கு வருவோம். நட்சத்திர ஆமை 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் உயிரினம். 2022-ல் வந்த திருத்தம் அதை முதல் அட்டவணைக்கு உயர்த்தியது. யானையும் புலியும் இருக்கிற அதே அட்டவணை. குற்றம் நிரூபணமானால் குறைந்தபட்சம் 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் ஜெயில். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 'அன்பாத்தான் சார் வளர்த்தேன்' என்பது இந்தச் சட்டத்தில் விதிவிலக்கு இல்லை.

இவ்வளவு கடுமை எதற்கு என்கிறீர்களா? இந்தியாவில் ஒரே ஒரு கடத்தல் மையத்தை ஆராய்ந்து 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே மட்டும் ஒரே வருடத்தில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. 2019-ல் ஜெனீவா மாநாட்டில் உலக நாடுகள் கூடி இதன் சர்வதேச வியாபாரத்துக்கே தடை போட்டன. கடத்திக்கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டுவருவது எத்தனை பாடு தெரியுமா? சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 ஆமைகளை 2018 நவம்பரில் விமானத்தில் ஏற்றி பெங்களூருவுக்குக் கொண்டுவந்தார்கள். கர்நாடகக் காட்டில் பழக்கித்தான் விட முடியும் என்ற நிலை.

ஜூஜுவாடி என்றாலே சோதனைச் சாவடிதான் ஞாபகம் வரும். ஆனால் சட்டைப் பைக்குள் அடங்குகிற குட்டி ஆமையை எந்தச் சாவடி பிடிக்கும்? இங்கே சோதனை போட வேண்டியது நம் ஆசையை. வாங்க ஆள் இருக்கும்வரை பிடிக்கவும் ஆள் இருப்பான்.

'சரி, ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே?' நட்சத்திர ஆமை என்றால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். மாட்டிக்கொண்டு கொடுப்பதைவிட நீங்களாகப் போய்க் கொடுப்பது எல்லா விதத்திலும் மேல். புண்ணியம் என்று நினைத்து கெலவரப்பள்ளி அணையில் போட்டுவிடாதீர்கள். அது தரை ஆமை, நீந்தத் தெரியாது, செத்துப்போகும். சிவப்புக் கோட்டு ஆமையையும் ஏரியில் விடக் கூடாது. அது நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். ஐரோப்பா 1997-லேயே அதன் இறக்குமதியைத் தடை செய்துவிட்டது. வாங்கிய பாவத்துக்கு, இருக்கும் வரை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டி, சுத்தமான தண்ணீர், ஏறி உட்கார சொரசொரப்பான கல், நேரடி வெயில், கடிக்க ஒரு துண்டு கடல் நுரை. இருபது முப்பது வருடம் வாழும். பையன் கல்யாணம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

புதிதாக வாங்கப் போகிறவருக்கு ஒரே வேண்டுகோள்தான். வாங்காதீர்கள். காட்டில் இருக்கிற ஆமைக்கு யாரும் நகம் வெட்டிவிடுவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை.